சிம் விற்கிறவர்கள் ஏன் படம் காட்டுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீசார்ஜ் பட்டியலைத் திறந்தால், எத்தனை நிமிடம் பேசலாம் என்பது எங்கோ அடியில் கிடக்கிறது. எந்த ஓடிடி இலவசம் என்பதுதான் மேலே பெரிய எழுத்தில் இருக்கிறது. டவர் நட்டு சிம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பாட்டு விற்றிருக்கிறார்கள், சேனல் நடத்தியிருக்கிறார்கள், விளையாட்டு உரிமையை ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் ஹாலிவுட் ஸ்டுடியோவையே வாங்கி நான்கே ஆண்டில் கைகழுவியிருக்கிறார். இந்த ஆசை ஏன் வந்தது, யாருக்குப் பலித்தது, நமக்கு இதில் என்ன என்று பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் சொந்த அபிப்பிராயமும் ஆங்காங்கே கலந்திருக்கும்; படிக்கும்போதே தெரிந்துவிடும்.

நெட்வொர்க் கம்பெனி ‘ஊடக நிறுவனம்’ ஆகிறது என்றால் என்ன அர்த்தம்? என் பேக்கோடு ஒரு ஓடிடி வருவதும் அதில் சேருமா?

முழுதாகச் சேராது. இதில் பல படிகள் இருக்கின்றன. அடுத்தவருடைய ஓடிடியை மொத்த விலைக்கு வாங்கி உங்கள் பேக்கோடு சேர்த்துக் கொடுப்பது முதல் படி. இது ஏறக்குறைய ஏஜென்சி வேலை. பல சேனல்களையும் ஓடிடிகளையும் அடுக்கி, தன் பெயரில் ஒரு செயலியை நடத்துவது அடுத்தது. அதற்கும் மேலே, தானே ஒளிபரப்பு உரிமை வாங்குவது, தொடர் எடுப்பது. உச்சிப் படி, படம் எடுக்கும் கம்பெனியையே விலைக்கு வாங்குவது.

செய்தியில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் முதல் படியில் நிற்பவருக்குப் போனால் விளம்பரச் செலவு போகும். உச்சிப் படியில் நிற்பவருக்குப் போனால் கம்பெனியே ஆட்டம் காணும். இரண்டும் உண்மையில் நடந்திருக்கின்றன.

கையில் நல்ல தொழில் இருக்கும்போது ஏன் தெரியாத தொழிலில் இறங்கினார்கள்?

பயம்தான் காரணம். முன்பு நிமிடத்துக்கு இவ்வளவு, ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். அதிலும் எஸ்எம்எஸ் என்பது கிட்டத்தட்டச் செலவே இல்லாத வருமானம். 2009இல் வாட்ஸ்அப் வந்தது. 2014இல் ஃபேஸ்புக் அதைச் சுமார் 1,900 கோடி டாலர் பேசி வாங்க முன்வந்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் ஐம்பத்தைந்து பேர்தான். உலகம் முழுக்க டவர் நட்டு, அலைக்கற்றை ஏலம் எடுத்து, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர்களின் எஸ்எம்எஸ் வருமானத்தை அந்த ஐம்பத்தைந்து பேர் கொண்டுபோனார்கள். கொண்டுபோன வழியும் அந்த டவர்கள்தான்.

அதற்கப்புறம் டேட்டா ஒன்றுதான் மிச்சம். டேட்டாவோ தண்ணீர் மாதிரி; இந்தக் குழாயில் வந்தாலும் அந்தக் குழாயில் வந்தாலும் ருசி ஒன்றுதான். எல்லாருடைய டேட்டாவும் ஒன்றென்றால் விலையைக் குறைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். பயன்பாடு ஆண்டுதோறும் ஏறுகிறது, நெட்வொர்க்கைப் பெரிதாக்கும் செலவும் ஏறுகிறது, ஒரு ஜிபிக்குக் கிடைக்கும் காசு மட்டும் இறங்குகிறது. ‘நாம் வெறும் குழாயாகிவிடுவோம்’ என்பது இந்தத் தொழிலில் எல்லாக் கூட்டங்களிலும் கேட்கிற பேச்சு. குழாயில் ஓடுவதும் நம்முடையதாக இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது.

இது ஓடிடி காலத்து ஆசையா?

இல்லை, அதைவிடப் பழையது. 1999 பிப்ரவரியில் ஜப்பானின் என்டிடி டோகோமோ ‘ஐ-மோட்’ என்ற சேவையைத் தொடங்கியது. சின்னத் திரையில் செய்தி, வானிலை, ராசிபலன், விளையாட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் பார்க்கலாம். ஒன்றரை ஆண்டில் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். டோகோமோ செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கங்களை அது எழுதவில்லை. எழுதுகிறவர்களை வரவிட்டு, அவர்களுக்கான காசைப் போன் பில்லோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்தது. அதற்குக் கூலியாக 9 சதவீதம் எடுத்துக்கொண்டது. மீதி 91 சதவீதம் உள்ளடக்கம் தந்தவருக்கு.

(கொசுறாக ஒன்று: அந்தச் சேவைக்காக ஷிகேதாகா குரிதா வடிவமைத்த 176 சின்னப் படங்களை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2016இல் தன் சேகரிப்பில் சேர்த்தது. இன்று நாம் அனுப்பும் எமோஜிகளுக்கு அவை முன்னோடிகள்.)

ஐரோப்பா இந்த வெற்றியைப் பார்த்தது. 9 சதவீதத்தை மட்டும் கவனிக்காமல் விட்டது. 2000இல் 3ஜி அலைக்கற்றைக்காக பிரிட்டனில் சுமார் 2,250 கோடி பவுண்டும், ஜெர்மனியில் சுமார் 5,000 கோடி யூரோவும் ஏலத்தில் கொட்டினார்கள். அவ்வளவு போட்டபின் வெறும் குழாய் வாடகை கட்டுபடியாகாது. 2002 அக்டோபரில் வோடஃபோன் ‘லைவ்’ வந்தது. 2003 மார்ச்சில் ‘த்ரீ’ என்ற நெட்வொர்க் பிரிட்டனில் கால்பந்து கோல்களைப் போனில் காட்டிக்கொண்டே தொடங்கியது. எல்லாம் வேலி போட்ட தோட்டங்கள். கம்பெனி பட்டியல் போட்டதைத்தான் பார்க்க முடியும். 2007இல் ஐபோனும் 2008இல் ஆப் ஸ்டோரும் வந்து வேலியைத் தாண்டிவிட்டன. ஆப்பிள் எடுத்துக்கொண்டது 30 சதவீதம். டோகோமோ கேட்டதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். உலகம் சந்தோஷமாகக் கொடுத்தது. பில்லை நெட்வொர்க்கின் கையிலிருந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

தண்ணீர்க் குழாய் கம்பெனி ஒன்று இப்படி ஊடகமாக மாறியது என்று சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். பிரான்சில் 1853இல் ஊர்களுக்குக் குடிநீர் விநியோகிக்கத் தொடங்கிய கம்பெனி 1998இல் ‘விவெண்டி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. எஸ்எஃப்ஆர் என்ற செல்போன் நெட்வொர்க், கனால் ப்ளூஸ் தொலைக்காட்சி, யூனிவர்சல் ஸ்டுடியோ என்று ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார் அதன் தலைவர் ழான்-மாரி மெஸ்ஸியே. போனில் பாட்டும் படமும் போகும், எல்லாம் நம்முடையதாக இருக்கும் என்பது திட்டம். 2002 ஜூலையில் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் நஷ்டம் 2,330 கோடி யூரோ. குழாயில் தொடங்கிய கம்பெனிக்கே குழாய் கசந்தது என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன.

காலர் டியூன், ரிங்டோன் எல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

வரும். நெட்வொர்க்குகள் ஊடக விற்பனையில் உருப்படியாகக் காசு பார்த்த சில இடங்களில் அதுவும் ஒன்று. பாட்டு அடுத்தவருடையது, ஆசை வாடிக்கையாளருடையது, நெட்வொர்க் செய்தது பில் போட்டது மட்டும்.

அதே பில்தான் கெட்ட பெயரையும் வாங்கிக் கொடுத்தது. கேட்காத சேவைக்குக் காசு பிடிப்பது உலகம் முழுக்க நடந்தது. அமெரிக்காவில் ராசிபலன், காதல் டிப்ஸ் மாதிரியான எஸ்எம்எஸ் சேவைகளுக்கு மாதம் 9.99 டாலர் வரை பில்லில் ஏற்றிய விவகாரத்தில் ஏடி அண்ட் டி என்ற பெரிய நெட்வொர்க் 2014இல் 10.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. மற்ற மூன்று பெரிய நெட்வொர்க்குகளும் அடுத்தடுத்து அதே வழியில் போயின. எனக்கும் ஒருமுறை நடந்தது: தெரியாமல் ஸ்டார் பட்டனை அழுத்தியதற்கு இரண்டு மாதம் ஒரு பக்திப் பாட்டைச் சுமந்தேன். என்னைக் கூப்பிட்டவர்கள்தான் கேட்டார்கள், நான் கேட்கவில்லை.

ஏடி அண்ட் டி கதையைத்தான் எல்லாரும் உதாரணம் சொல்கிறார்கள். அங்கே என்னதான் நடந்தது?

கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய கதை.

2015இல் அது டைரக்டிவி என்ற சாட்டிலைட் டிவி கம்பெனியை 4,850 கோடி டாலருக்கு வாங்கியது. கடனையும் சேர்த்தால் சுமார் 6,700 கோடி. மக்கள் டிஷ்ஷைக் கழற்றிவிட்டு இணையத்தில் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே, 2016 அக்டோபரில், டைம் வார்னரை 8,540 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கடனோடு 10,870 கோடி. ஹெச்பிஓ சேனல், வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ, சிஎன்என் செய்தி சேனல் எல்லாம் அந்த வீட்டுக்குள் இருந்தன. இதே டைம் வார்னர் 2000இல் ஏஓஎல் என்ற இணையக் கம்பெனியோடு இணைவதாக அறிவித்து, 2002இல் மட்டும் சுமார் 9,870 கோடி டாலர் நஷ்டத்தைக் கணக்கில் காட்டிய வீடு. ஒருமுறை வழுக்கி விழுந்த படியில் இரண்டாவது மாப்பிள்ளையும் கால் வைத்தார்.

அமெரிக்க நீதித்துறை 2017 நவம்பரில் தடை கேட்டு வழக்குப் போட்டது. 2018 ஜூனில் நீதிபதி ரிச்சர்ட் லியோன் இணைப்பை அனுமதித்தார். இரண்டே நாளில் கை மாறியது. கம்பெனியின் நிகரக் கடன் 18,000 கோடி டாலர் அளவுக்குப் போனது.

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. நம்மிடம் கோடிக்கணக்கான வாடிக்கையாளர், அவர்களுக்கு நம் படம், அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததை வைத்து விளம்பரம். நடைமுறையில் மூன்று இடத்தில் இடித்தது.

ஒன்று, இரண்டு தொழிலுக்கும் தாளம் வேறு. ஹெச்பிஓ குறைவாக எடுத்து நன்றாக எடுப்பதில் பேர் வாங்கியது. ஏடி அண்ட் டி தரப்பிலிருந்து புதிதாகப் பொறுப்பேற்ற ஜான் ஸ்டாங்கி, மக்கள் வாரத்தில் சில மணி நேரமல்ல, ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் நம்மிடம் இருக்க வேண்டும் என்று ஊழியர் கூட்டத்தில் சொன்னது வெளியே வந்தது. டேட்டா ஓட வேண்டும் என்று நினைப்பவரின் அளவுகோல் அது. அவர் பார்வையில் தப்பில்லை. ஆனால் ஹெச்பிஓவை நீண்ட காலம் நடத்திய ரிச்சர்ட் ப்ளெப்லர் 2019 தொடக்கத்தில் வெளியேறிவிட்டார்.

இரண்டு, பூட்டும் சாவியும் பொருந்தவில்லை. படம் எத்தனை பேர் பார்க்கிறார்களோ அவ்வளவுக்குக் காசு. நெட்வொர்க்கோ ‘என்னிடம் மட்டும்’ என்று வைத்தால்தான் அடுத்தவர் வாடிக்கையாளரை இழுக்க முடியும். பூட்டினால் ஸ்டுடியோவுக்கு நஷ்டம், திறந்தால் நெட்வொர்க்குக்குப் பிரயோஜனமில்லை. இதற்கு விடை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஹெச்பிஓ மேக்ஸ் என்ற அவர்களுடைய ஓடிடி 2020 மே மாதம் வந்தபோது அது எல்லா நெட்வொர்க்காரர்களுக்கும்தான் வந்தது.

மூன்று, பணம். ஓடிடி ஆண்டுக்கணக்கில் நஷ்டத்தில் ஓடித்தான் நிமிரும். அதே நேரம் 5ஜி அலைக்கற்றைக்கும் ஃபைபருக்கும் கொட்ட வேண்டியிருந்தது. இரண்டு அடுப்புக்கும் ஒரே விறகு. வார்னரின் 2021 படங்கள் 17ஐயும் தியேட்டருக்கு வரும் அன்றே ஓடிடியிலும் விடுவதாக அறிவித்து, சினிமாக்காரர்களின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார்கள்.

2021 மே மாதம் கையை உயர்த்தினார்கள். 2022 ஏப்ரலில் வார்னர்மீடியா (டைம் வார்னருக்கு அவர்கள் வைத்த புதுப் பெயர்) பிரிந்து டிஸ்கவரியோடு சேர்ந்தது. ஏடி அண்ட் டிக்கு 4,040 கோடி டாலர் ரொக்கமும், சில கடன்கள் கைமாறியதும் மிச்சம். அதன் பங்குதாரர்களுக்குப் புதுக் கம்பெனியில் 71 சதவீதம். டைரக்டிவியின் கதி இன்னும் பரிதாபம். 2021இல் அதில் ஒரு பங்கை விற்றபோது மொத்தத்துக்கும் போட்ட மதிப்பு 1,625 கோடி டாலர். பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்டும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அமெரிக்காவின் இன்னொரு பெரிய நெட்வொர்க்கான வெரைசன் படம் எடுக்கவில்லையே, அங்கே என்ன கோளாறு?

அவர்கள் ஸ்டுடியோவை விட்டுவிட்டு இணையப் பக்கங்களை வாங்கினார்கள். 2015இல் ஏஓஎல், 440 கோடி டாலர். 2017இல் யாஹூ, 448 கோடி. இரண்டையும் சேர்த்து ‘ஓத்’ என்று பெயர் வைத்தார்கள். கூகுளும் ஃபேஸ்புக்கும் விளம்பரத்தில் வைத்திருந்த பிடியை உடைப்பது நோக்கம். நடுவில் இளைஞர்களுக்காக ‘கோ90’ என்று ஒரு வீடியோ செயலி. போனைப் படுக்கப்போட 90 டிகிரி திருப்ப வேண்டும், அதனால் அந்தப் பெயர். பெயருக்கான காரணத்தை விளக்க வேண்டியிருந்தபோதே சந்தேகப்பட்டிருக்கலாம். 2018 ஜூலையில் மூடிவிட்டார்கள். அந்த டிசம்பரில் ஊடகப் பிரிவின் மதிப்பில் 460 கோடி டாலரைக் கணக்கிலிருந்து தள்ளினார்கள். 2021இல் மொத்தத்தையும் 500 கோடிக்கு அப்பல்லோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு 10 சதவீதம் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் தலைமையில் இருந்தவர், எரிக்சனில் நெட்வொர்க் சாதனம் விற்றுவந்த ஹான்ஸ் வெஸ்ட்பெர்க். வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு அவர் பொருத்தமானவர்தான்.

என்னைப் பற்றிய தகவலை வைத்து நெட்வொர்க் விளம்பரம் விற்க முடியுமா?

முடியும், முயன்றும் இருக்கிறார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், பில்லை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெரைசன் தன் வாடிக்கையாளர்களின் போனிலிருந்து இணையத்துக்குப் போகும் கோரிக்கைகளில், அவர்களுக்குத் தெரியாமல், ஒரு தனி அடையாளக் குறியைச் சொருகியது. பிரௌசரில் குக்கியை அழித்தாலும் அது போகாது, ஏனென்றால் அது உங்கள் போனிலேயே இல்லை, வழியில் ஒட்டப்படுகிறது. 2016இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தோடு 13.5 லட்சம் டாலர் கட்டி அது முடிந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தோடு (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி) இயங்குவதால் இப்படி நடுவழியில் ஒட்டுவது கஷ்டம். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும்; அங்கே என்ன படித்தீர்கள் என்று தெரியாது.

தகவல் இருந்தும் கூகுளை அசைக்க முடியாததற்குக் காரணம் எளிது. ஒரு நெட்வொர்க்குக்குத் தன் வாடிக்கையாளரை மட்டும்தான் தெரியும். விளம்பரம் கொடுப்பவருக்கு எல்லாரும் வேண்டும்.

ஏன் எல்லாரும் விளையாட்டு உரிமைக்கே பாய்கிறார்கள்?

படத்தை நாளைக்குப் பார்க்கலாம், மேட்சை இன்றைக்குத்தான் பார்க்க முடியும். விளையாட்டுக்காக இணைப்பையே மாற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தொடருக்காக மாற்றுகிறவர்கள் குறைவு.

பிரிட்டனின் பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) என்ற தொலைபேசிக் கம்பெனி இதைத்தான் நம்பியது. பிரீமியர் லீக்கில் பருவத்துக்கு 38 ஆட்டங்களை மூன்று ஆண்டுகளுக்கு 73.8 கோடி பவுண்டுக்கு எடுத்து, 2013 ஆகஸ்டில் பிடி ஸ்போர்ட் தொடங்கி, தன் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. அப்புறம் சாம்பியன்ஸ் லீக், 89.7 கோடி. நடுவே 2016இல் இஇ என்ற செல்போன் நெட்வொர்க்கும் அதன் கைக்கு வந்தது. ஸ்கை என்ற டிவி கம்பெனியோடு போட்டி போட்டதில் லீக்கின் மொத்த உரிமை 301.8 கோடியிலிருந்து 513.6 கோடிக்கு எகிறியது. லாபம் யாருக்கு? கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும். 2017 டிசம்பரில் இருவரும் ஒருவர் சேனலை மற்றவர் வாடிக்கையாளருக்கு விற்க ஒத்துக்கொண்டார்கள். சண்டை போட்டு வாங்கிய தனியுரிமையைத் தாங்களே பொதுவாக்கிக்கொண்டார்கள். 2022இல் வார்னர் டிஸ்கவரியோடு பாதிக்குப் பாதி கூட்டு வைத்தது பிடி; அடுத்த ஆண்டு அதன் பெயரும் டிஎன்டி ஸ்போர்ட்ஸ் என்று மாறிவிட்டது.

அப்படியென்றால் ரிலையன்ஸ் ஜியோவுக்கு மட்டும் எப்படிப் பலிக்கிறது?

பலித்துவிட்டது என்று அடித்துச் சொல்ல இன்னும் நாளாக வேண்டும். ஆனால் வித்தியாசங்கள் இருக்கின்றன. அந்தக் குழுமம் 2014இலேயே நெட்வொர்க்18 என்ற டிவி சேனல் கம்பெனியைக் கைப்பற்றியிருந்தது. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதாவது ஊடகம் முதலில், சிம் அப்புறம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 என்ற தங்கள் ஊடகக் கம்பெனி வழியாக 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். 2023இல் ஜியோசினிமாவில் அதைக் காசு வாங்காமல் காட்டினார்கள், எந்த சிம் வைத்திருந்தவருக்கும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஏடி அண்ட் டி மாட்டிக்கொண்ட பூட்டு-சாவி சிக்கலில் இவர்கள் ‘திறந்தே வை’ என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டு, விளம்பரத்தில் பிடிக்கப் பார்த்தார்கள். உரிமையை இழந்த டிஸ்னியின் ஹாட்ஸ்டார் சந்தாதாரர்களை இழந்தது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலும் இவர்களுடையதும் ஒன்றாயின, மதிப்பு 70,352 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. போட்டி நெட்வொர்க்கின் பேக்கிலும் இன்று அது கிடைக்கிறது.

போட்டியாளரை விலைக்குச் சேர்த்துக்கொண்டபின் வருவதைத் திறமை என்று சொல்வதா, சந்தை சுருங்கியது என்று சொல்வதா? நான் இரண்டாவதைச் சொல்வேன்.

சில செயலிகளுக்கு டேட்டா கழியாது என்கிறார்களே, அது நல்லதுதானே?

இன்றைக்கு நல்லது. நெட்வொர்க்கின் சொந்த வீடியோ செயலிக்கு டேட்டா கழியாது, அடுத்தவருடையதற்குக் கழியும் என்றால், தரம் பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. புதிதாக வருகிறவருக்குக் கதவு சாத்தப்படும். இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் இப்படி உள்ளடக்கத்தைப் பார்த்து விலை வைப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021 செப்டம்பரில், வோடஃபோனும் டாய்ச் டெலிகாமும் ஜெர்மனியில் நடத்திய இத்தகைய திட்டங்கள் இணையச் சமத்துவ விதிக்கு (எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதி) பொருந்தாது என்றது. அமெரிக்காவில் விதி வரும், போகும். 2017இல் நீக்கினார்கள், 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஊடகமும் நெட்வொர்க்கும் ஒரே கையில் இருக்கும்போது இந்த விதிதான் குறுக்கே நிற்கும் ஒரே கம்பி என்பது என் எண்ணம்.

செய்தி சேனலும் அவர்களிடம் இருந்தால் ஆபத்தில்லையா?

இருக்கிறது. பத்திரிகைக்காரருக்கு அரசாங்கத்தின் தயவு வேண்டாம். நெட்வொர்க்காரருக்கு அலைக்கற்றை, உரிமம், கட்டணம் எல்லாவற்றுக்கும் வேண்டும். ஒரே முதலாளி இரண்டையும் வைத்திருந்தால் ஒன்றை முறுக்கி மற்றதை வழிக்குக் கொண்டுவரலாம். டைம் வார்னர் விற்பனையை விடமாட்டேன் என்று 2016 தேர்தல் பிரசாரத்திலேயே டிரம்ப் சொன்னார். அவருக்குப் பிடிக்காத சிஎன்என் அதற்குள் இருந்தது. ஆட்சிக்கு வந்தபின் நீதித்துறை வழக்குப் போட்டபோது, சந்தைப் போட்டிதான் காரணமா என்று பலரும் கேட்டார்கள். நீதித்துறை அதைத்தான் காரணமாகச் சொன்னது. அந்தக் கேள்வி எழுந்ததே போதும்.

பிரான்சில் எஸ்எஃப்ஆரை வைத்திருக்கும் அல்டீஸ், பிஎஃப்எம் செய்தி சேனலையும் வைத்திருந்தது. கடன் கழுத்தை நெரித்தபோது 2024இல் ஒரு கப்பல் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

வீடியோ கம்பெனிகள் நெட்வொர்க்குக்கு வாடகை கொடுக்க வேண்டும் என்ற வாதம் நியாயமா?

ஊடகமாக மாற முடியாத நெட்வொர்க்குகள் பிடித்திருக்கும் அடுத்த வழி இது. தென்கொரியாவில் எஸ்கே பிராட்பேண்ட் என்ற நெட்வொர்க்கும் நெட்ஃப்ளிக்ஸும் பல ஆண்டு வழக்காடி 2023 செப்டம்பரில் சமரசமானார்கள். அங்கே நெட்வொர்க் கட்டணம் தாங்கவில்லை என்று சொல்லி ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. வாடிக்கையாளர் டேட்டாவுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. அந்த டேட்டா வருவதற்கு அனுப்பியவரிடமும் காசு கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

பேக்கோடு வரும் இலவச ஓடிடிக்கு உண்மையில் யார் பணம் கொடுக்கிறார்கள்?

நெட்வொர்க் மொத்த விலைக்கு வாங்குகிறது, உங்கள் பேக்கின் விலைக்குள் அது ஒளிந்திருக்கிறது. ஒப்பந்தங்கள் பலவிதம். சிலவற்றில் உண்மையில் செயல்படுத்தியவர்களுக்கு மட்டும்தான் ஓடிடிக்குக் காசு போகும். அப்படியானால், வாங்கிவிட்டுத் திறக்காமலே இருப்பவர்கள் நெட்வொர்க்குக்கு லாபம்.

முதல் படி என்று மேலே சொன்னேனே, இதுதான் அது. அலுங்காமல் வேலை செய்வதும் இதுதான். அமெரிக்காவின் டி-மொபைல் நெட்வொர்க் 2017இல் நெட்ஃப்ளிக்ஸைத் தன் திட்டத்தோடு சேர்த்தது. அதே கம்பெனி 2020 நவம்பரில் சொந்தமாகத் தொடங்கிய டிவிஷன் என்ற டிவி சேவை அடுத்த ஏப்ரலிலேயே படுத்துவிட்டது. வெரைசன் 2019இல் டிஸ்னி ப்ளஸ்ஸை ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. இப்போது பல ஓடிடிகளைத் தேர்ந்தெடுத்துப் பில்லில் சேர்த்துக்கொள்ளும் வசதியை விற்கிறது. சிங்கப்பூர் நெட்வொர்க்கான சிங்டெல், சோனி, வார்னர் பிரதர்ஸ் மூவரும் 2015இல் தொடங்கிய ஹூக் என்ற ஓடிடி 2020இல் கலைக்கப்பட்டது.

சுற்றிச் சுற்றி எல்லாரும் 1999இன் டோகோமோவிடம்தான் வந்து நிற்கிறார்கள். படம் அடுத்தவருடையது, பில் நம்முடையது. நெட்வொர்க்கிடம் உண்மையிலேயே வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறதென்றால் அது மாதாமாதம் தவறாமல் காசு கட்டும் உறவு. அதை விட்டுவிட்டுக் கதை கேட்கப் போனார்கள்.

இதை நம்பி, நான் தனியாகக் கட்டும் ஓடிடி சந்தாவை நிறுத்தலாமா?

உடனே வேண்டாம். பேக்கோடு வருவது பல சமயம் போனில் மட்டும் ஓடும் திட்டமாக இருக்கும். டிவியில் போட்டால் மேற்கொண்டு காசு கேட்கும். விளம்பரம் உண்டா, எத்தனை திரை, என்ன தரம் என்று பாருங்கள். பேக்கை வாங்கினால் மட்டும் போதாது. செயல்படுத்தும் லிங்க்கை அழுத்தியாக வேண்டும், அதற்கு நாள் கெடுவும் இருக்கலாம். ஏற்கெனவே இருக்கும் கணக்கோடு இணைக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள், பார்த்த வரலாறு போகாது. அந்தக் கணக்கு போன் நம்பரில் மட்டும் இருந்தால் உங்கள் மெயில் முகவரியையும் சேர்த்துவையுங்கள். நம்பரை விட்டுவிட்டால் உள்ளே நுழைய வேறு வழி இருக்காது. ரீசார்ஜ் ஒருநாள் தள்ளிப்போனால் சந்தா நிற்குமா என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள், அதையும் படித்துவிடுங்கள். இலவசக் காலம் முடிந்ததும் தானாகக் காசு பிடிக்கும் அனுமதி கேட்டால், கொடுத்த அன்றே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், முடிகிற தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக.